தோல் தெரிய வேண்டும்

இரும்புச் சுரங்கத்தை மூடி ஒன்பது வருஷம்.
அதன்பின் எங்கள் ஊருக்கு வந்த ஒரே வேலை இது.
விரும்பிச் சேர்ந்தாயா என்று கேட்காதீர்கள்.
பல் வைத்தியத்துக்கும் காப்பீடு உண்டு,
வெய்க்கோவுக்குக் கம்பி போட வேண்டும்.

நேர்முகத்தில் கேட்டார்கள்: உன் பலவீனம் என்ன?
யாராவது கேட்டால் பதில் சொல்லிவிடுவேன், என்றேன்.
சிரித்தார்கள்.
எழுதியும் கொண்டார்கள்.

பயிற்சியில் கைவிலங்கை ஒருவருக்கொருவர் மாட்டிப் பழகினோம்.
மிளகுத் தூவியை எங்கள் கண்ணிலேயே அடித்தார்கள்.
வரிசையாக நின்று அழுதோம்.
யார் எதற்கு அழுதார்கள் என்று
அன்றைக்குக் கண்டுபிடிக்க வழியில்லை.

பிறகு ஒரு சட்டை, ஆண் தோளுக்குத் தைத்தது.
மார்பில் கொர்பெலா என்று குடும்பப் பெயர் மட்டும்.
ஐலாவைக் கைப்பேசியோடு சேர்த்து
வண்டியிலேயே பூட்டிவிட்டு வர வேண்டும்.

ஜனவரி. இரவு முறை. டி பிரிவு.
சுப்பீரியர் ஏரிக் காற்று மூன்று கதவு தாண்டியும்
கணுக்காலைத் தேடி வருகிறது.

எண்ணச் சொன்னார்கள்.
எண்ணக் கூடாது என்றும் சொன்னார்கள்.
இவன் யார், என்ன செய்தான், இன்னும் எத்தனை வருஷம்,
அதெல்லாம் உன் வேலை இல்லை.
தொண்ணூற்றாறு வர வேண்டும். அவ்வளவுதான்.

'போர்வையை எண்ணிவிடாதே' என்றான் பெலஞ்சே,
என்னைவிடப் பதினொரு வயது இளையவன்,
வாயில் சூயிங்கம்.
'தோல் தெரிய வேண்டும். மூச்சு தெரிய வேண்டும்.
போன மார்ச்சில் ஒருவன்
இரண்டு சுற்று முழுக்கச் செத்துக் கிடந்தான்.
கணக்கில் மட்டும் சரியாக இருந்தான்.'

நாற்பத்தொன்றாம் அறையில்
உச்சி முதல் உள்ளங்கால் வரை கம்பளி.
விளக்கை அடித்தேன். தோலே இல்லை.
நின்றேன்.
ஒரு மனிதன் மூச்சு விடுவதற்காக
இவ்வளவு நேரம் நான் யாருக்கும் காத்திருந்ததில்லை.
கதவைத் தட்டினேன்.
ஒரு குதிகால் வெளியே வந்தது,
பாளம் பாளமாக வெடித்த குதிகால்.
நாற்பத்தொன்று.

கடைசியில் வந்தது தொண்ணூற்றைந்து.
மறுபடி எண்ணினேன், தொண்ணூற்றேழு.
கட்டடமே விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்தது.
பெலஞ்சேயும் கூட வர, மூன்றாம் முறை தொண்ணூற்றாறு.
யாரை விட்டேன், யாரை இரண்டாக்கினேன்,
இன்றுவரை தெரியாது.

ஐம்பத்தெட்டாம் அறைக்காரனுக்கு அதன்பின் தூக்கம் போய்விட்டது.
டெட்ராய்ட்காரன், வீடு பத்து மணி நேரம் தெற்கே.
அவன் சன்னலுக்கு மாவுக் கண்ணாடி.
வெளிச்சம் வரும், வேறொன்றும் வராது.
'வெளியே பனி பெய்கிறதா?' என்றான்.

முதலில் சின்னதாகத்தான் கேட்பார்கள் என்பது பாடம்.
மணி கேட்பார்கள், பேனா கேட்பார்கள், பிறகு உன் மகன் பேர்.
பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
பல்லைக் கடித்தேன்.

அவன் என் பூட்ஸைப் பார்த்தான்.
தோலில் காய்ந்த உப்புக்கோடு, கணுக்கால் உயரம்.
'ஓ, நிறையத்தான்' என்று
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

நான் ஒன்றும் கொடுக்கவில்லை.
அவன் எடுத்துக்கொண்டான்.
இதை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?
காலி விட்டேன்.

காலை ஏழேகாலுக்கு வீட்டு வாசலில் முழங்கால் பனி.
தள்ளவில்லை, மிதித்துக்கொண்டே உள்ளே போனேன்.
வெய்க்கோ தலையோடு மூடித் தூங்குகிறான்.
அறைக் கதவில் நின்றேன்,
சப்பாத்தோடு, இடுப்பில் இல்லாத சாவிக்கொத்தைத் தடவியபடி.
போர்வை அசைகிறதா, நான் அசைகிறேனா?

விலக்கினேன்.
திறந்த வாய். ஒன்றன்மேல் ஒன்றேறிய முன்பற்கள்.
சூடான, கொஞ்சம் நாறுகிற மூச்சு.

'என்னம்மா?'
'ஒன்றுமில்லை. தூங்கு.'

ஒன்று.

தப்பிவிடக் கூடாதே என்று
இன்னொரு முறை.